கருப்புமேல்தான் பொன்வண்டு மின்னும்

நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மேல்படிச் சாமிகளைக் கும்பிட்டுவிட்டு, கீழே பூங்காவில் இருந்த பொன்வண்டைப் பற்றித்தான் விசாரித்தார்கள். "நின்னு பார்த்தா பச்சையா இருக்கு, உட்கார்ந்தா நீலமாகுதே, உள்ளே பல்பு எதுவும் வச்சிருக்கீங்களா?" வாட்ஸ்அப்பிலும் இதே கேள்வி. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

சாராம்சத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறம் மாறும் பெயிண்டின் வித்தை பாதிதான் பாட்டிலுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி அதற்கு அடியில் இருக்கும் கருப்பில். அந்தக் கருப்பை வாங்க அமேசானுக்குப் போக வேண்டாம். தாமிரபரணிக் கரையில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் பர்ஸிலேயே ஒரு சாம்பிள் இருக்கிறது

ஒரு 500 ரூபாய் நோட்டை எடுங்கள். 100, 200 ரூபாய் என்றாலும் சரி, புது வரிசை நோட்டாக இருந்தால் போதும். நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் பாதுகாப்பு இழையைப் பாருங்கள். நேராகப் பிடித்தால் பச்சை. மெல்லச் சாய்த்தால் நீலம். இந்த வித்தை நம் நோட்டுக்குப் புதிதல்ல. 2000 நவம்பரில் வந்த 500, 1000 ரூபாய் நோட்டுகளில் எண்ணையே இப்படி நிறம் மாறும் மையில் அச்சடித்திருந்தார்கள். ஜெராக்ஸ் மெஷினால் இதைப் பிரதி எடுக்க முடியாது. மெஷின் ஒரே கோணத்தில் பார்க்கிறது, நிறம் கோணத்துக்குக் கோணம் மாறுகிறது. கள்ள நோட்டுக்காரனைத் தடுக்க வைத்த வித்தையைத்தான் நான் கொலு பொம்மைக்குப் பூசியிருக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது? மழை பெய்த அன்று பஸ் ஸ்டாண்டில் தேங்கிய தண்ணீரில் டீசல் மிதந்து வானவில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலுக்கு அந்த நிறங்கள் எதுவும் கிடையாது. மிக மெல்லிய படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்கின்றன. இரண்டும் ஒத்துப்போகும் நிறம் தூக்கலாகத் தெரியும், முட்டிக்கொள்ளும் நிறம் அடங்கிப்போகும். எது ஒத்துப்போகும் என்பதை படலத்தின் தடிமனும் நாம் பார்க்கும் கோணமும் முடிவு செய்கின்றன. சோப்புக் குமிழியிலும் இதேதான்.

சாதாரணப் பெயிண்டில் நிறமி இருக்கிறது. அது சில நிறங்களை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும், எங்கிருந்து பார்த்தாலும் சிவப்பு சிவப்புதான். கலர்ஷிஃப்ட் பெயிண்டில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. அதன்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற பொருளை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய பூச்சாக ஏற்றியிருப்பார்கள். பூச்சின் தடிமன் கூடக்கூட வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே போகும். பொருள் ஒன்றுதான், தடிமன் மட்டும்தான் வேறு.

இதில் வேலைக்கு உதவும் ஒரு விதி இருக்கிறது. சாய்க்கச் சாய்க்க நிறம் பெரும்பாலும் சிவப்புப் பக்கத்திலிருந்து நீலப் பக்கம் நோக்கி நகரும். நேராகப் பார்க்கையில் பச்சை என்றால் சாய்வில் நீலம், பிறகு ஊதா. நேரில் சிவப்பு என்றால் சாய்வில் பொன், பிறகு பச்சை. வாங்குவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொண்டால், உங்கள் பொம்மையின் முதுகில் எந்த நிறம் வரும், விளிம்பில் எந்த நிறம் வரும் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

வெள்ளை மயில் ஏன் வெள்ளை?

இனி கருப்புக்கு வருவோம். இந்தத் தகடுகள் கண்ணாடி போன்றவை. ஒரு பகுதி ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், மீதி ஊடுருவிக் கீழே போய்விடும். அடியில் வெள்ளை இருந்தால் கீழே போன ஒளியும் முட்டித் திரும்பி வந்து மேல் நிறத்தோடு கலந்து அதைக் கொன்றுவிடும். நல்ல பச்சை-நீலப் பெயிண்ட் வெள்ளைப் பொம்மைமேல் கழுவிப்போன மோர் மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். அடியில் கருப்பு இருந்தால் கீழே போன ஒளி அங்கேயே ஒழிந்துபோகும். மேலே திரும்பிய நிறம் மட்டும் சுத்தமாகக் கண்ணுக்கு வரும்.

மயிலைப் பாருங்கள். இப்போது நம் பக்கம் வயலுக்கு வயல் மயில்தான், தேடிப்போக வேண்டியதே இல்லை. அதன் கழுத்து நீலத்தில் நீல நிறமி கிடையாது. இறகின் நுண்கிளைகளுக்குள் மெலனின் என்னும் கருப்புக் குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளிதான் நீலமா, பச்சையா, செம்பொன்னா என்று தீர்மானிக்கிறது. வெள்ளை மயிலுக்கு அந்த மெலனின் இல்லை. தோகை உண்டு, கண் கண்ணான வடிவமும் மங்கலாகத் தெரியும், நிறம் மட்டும் இல்லை. கருப்பை எடுத்துவிட்டால் மயிலே வெளுத்துப்போகிறது என்றால் நம் பொம்மை எம்மாத்திரம்?

1665இல் ராபர்ட் ஹூக் தன் மைக்ரோகிராஃபியா நூலில் மயிலிறகை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும்போது, தண்ணீரில் நனைத்தால் அந்த நிறங்கள் போய்விடுகின்றன என்று குறித்திருக்கிறார். வெறும் நிறமியாக இருந்தால் நனைந்ததும் போகாது, வடிவத்தால் வரும் நிறம் என்பதற்கு அதுவே சாட்சி.

காருகுறிச்சிக்கு ஒரு டிக்கெட்

பொம்மைக்கு நான் போவது காருகுறிச்சி. திருநெல்வேலியிலிருந்து தென்காசிப் பாசஞ்சர் ரயிலில் சேரன்மகாதேவி தாண்டினால் வந்துவிடும். நாதஸ்வர மேதை அருணாசலத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். பானை, அடுப்பு, அகல் விளக்கு, பொங்கல் பானை என்று மண்பாண்டத்துக்கும் பெயர் பெற்ற ஊர். சின்ன மிருகங்கள் எப்போதும் கடையில் அடுக்கி இருக்காது. முன்கூட்டிச் சொல்லிவைத்தால், பெரிய வேலைக்கு நடுவே மிச்ச மண்ணில் உருட்டிச் சூளையின் இடுக்கில் வைத்துச் சுட்டுத் தருவார்கள்.

நான் வழக்கமாக வாங்கும் அண்ணாச்சியிடம், பெயிண்ட் அடிக்காமல், சிவப்பாகவும் இல்லாமல், புகைமூட்டிக் கருப்பாகச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வெள்ளை அடிச்சுத் தாங்கன்னு கேப்பாவ. நல்லாச் செவக்கச் சுட்டுத் தாங்கன்னு கேப்பாவ. கரிஞ்சதைத் தாங்கன்னு கேக்க ஆளை இப்பத்தான் பாக்கேன்."

"அதுக்கு மேல வேற கலர் வரும் அண்ணாச்சி."

"மேல கலர் அடிக்கதுக்குக் கீழ எதுக்குக் கருப்பு? சரி, கேட்டுட்டீய. கூழாங்கல்லைப் போட்டுத் தேச்சு வைக்கேன். அப்பத்தான் கருப்பு பளபளன்னு நிக்கும்."

நான் கேட்க மறந்ததை அவரே சொல்லிவிட்டார். அந்தத் தேய்ப்பு எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன். மண் முக்கால்வாசி காய்ந்து தோல்பதமாக இருக்கும்போது, ஆற்றுக் கூழாங்கல்லால் ஒரே திசையில் அழுத்தித் தேய்ப்பார்கள். மேல்பரப்பின் நுண்துளைகள் அடைபட்டு மண்ணே மினுங்க ஆரம்பிக்கும். பிறகு சூளை. நம் செம்மண்ணிலும் குளத்து மண்ணிலும் இரும்பு இருக்கிறது. காற்று தாராளமாகப் போனால் அந்த இரும்பு சிவக்கும். கடைசிக் கட்டத்தில் வைக்கோலையும் எருவையும் போட்டு மூடிக் காற்றை அடைத்துவிட்டால் இரும்பு கருக்கும், புகையின் கரியும் மண்ணுக்குள் ஏறிக்கொள்ளும். இது பூசிய கருப்பு இல்லை, ஊறிய கருப்பு. நகத்தால் சுரண்டினால் வராது.

ஆதிச்சநல்லூரின் குட்டி மிருகங்கள்

இந்தக் கருப்பைப் பார்த்ததும் எனக்கு ஆதிச்சநல்லூர் ஞாபகம் வந்தது. ஆற்றின் வழியே கீழே போய், திருச்செந்தூர் ரோட்டில் இருக்கும் முதுமக்கள் தாழிக் காடு. 1876இல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். இந்தியத் தொல்லியல் துறை 2004-05இல் மறுபடி தோண்டியது. அங்கே கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளை உற்றுப் பாருங்கள். உள்ளும் வாய்ப்பகுதியும் கருப்பு, கீழே வெளிப்புறம் சிவப்பு. ஒரே பானையில் ஒரு பாதிக்குக் காற்று கொடுத்து, மறுபாதிக்கு அடைத்திருக்கிறார்கள். கவிழ்த்து வைத்துச் சுட்டால் இப்படி வரும் என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம். கருப்புப் பகுதியில் தேய்ப்பின் பளபளப்பு இன்றும் இருக்கிறது.

மண்பானை மட்டுமில்லை. ரீ எடுத்த பொருள்களில் வெண்கலச் சாடிகளும் மூடிகளும் உண்டு. அவற்றின்மேல் குட்டி மிருகங்கள் நிற்கின்றன. எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை, பறவைகள். கை விரல்களுக்குள் அடங்கும் அளவு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஆதிச்சநல்லூர் வெண்கலங்களை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அந்த எருமையின் கொம்பு வளைவை ஒரு நிமிஷம் பாருங்கள். செய்தவன் எருமையை நன்றாகத் தெரிந்தவன். 2004-05 அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒரு பெண், பக்கத்தில் கொக்கு, மான், முதலை எல்லாம் புடைப்பாக ஒட்டப்பட்டிருக்கின்றன. சின்னச் சின்ன மிருகம் செய்து வைத்துக்கொள்ளும் ஆசை இந்தப் பள்ளத்தாக்குக்கு நேற்று வந்ததில்லை.

வெளிநாட்டில் இது பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் பிரையர் கம்பெனியின் ஸ்டேபிள்மேட்ஸ் குதிரைகள் 1975இலிருந்து வருகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குதிரைகளின் பெயிண்டை உரித்துவிட்டுத் தங்கள் கைப்பட அடித்துப் போட்டிக்கு அனுப்பும் கூட்டம் அங்கே இருக்கிறது. ஸ்பெயினின் வாலெஹோ, கிரீன் ஸ்டஃப் வேர்ல்ட் போன்ற கம்பெனிகள் சிறு பொம்மைக்கென்றே கலர்ஷிஃப்ட் வரிசைகள் வைத்திருக்கின்றன. அவர்கள் பிளாஸ்டிக்குக்குக் கருப்பு பிரைமர் அடித்துத் தொடங்குகிறார்கள். நமக்குக் கருப்பு சூளையிலிருந்தே வருகிறது.

சரி, பூசுவது எப்படி?

அவசரக்காரர்கள் நேராக இந்த இடத்துக்கு வந்திருப்பீர்கள். இதையாவது முழுசாகப் படியுங்கள்.

முதலில் தூசி. பொம்மையை ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். சுட்ட மண் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவசரப்பட்டால் பெயிண்ட் பிறகு கொப்புளிக்கும். சொரசொரப்பான இடங்களை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அடிப்பூச்சு. புகைக்கருப்புப் பொம்மை என்றாலும் அது தண்ணீர் உறிஞ்சும் மண்தான். ஒன்றிரண்டு கை கிளாஸ் வார்னிஷ் கொடுத்துத் துளைகளை அடைத்துவிடுங்கள். சிவப்புப் பொம்மைதான் கிடைத்தது என்றால், கருப்பு அக்ரிலிக் இரண்டு கை, அதன்மேல் கிளாஸ் வார்னிஷ். மேட் கருப்பு வேண்டாம். அண்ணாச்சியின் கூழாங்கல் இங்கேதான் வேலை செய்கிறது. பெயிண்டில் இருக்கும் தகடுகள் வழவழப்பான பரப்பில்தான் படுத்துக்கொள்ளும். படுத்தால்தான் எல்லாம் ஒரே கோணத்தில் ஒளியைத் திருப்பும். சொரசொரப்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கும். நிறம் மாறாது, ஜிகினா தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக மின்னும். அவ்வளவுதான்.

மூன்றாவது, மெல்லிய கைகள். பாட்டில் பெயிண்ட் என்றால் நன்றாகக் குலுக்குங்கள், தகடு அடியில் தங்கியிருக்கும். கமேலியன் பவுடர் என்று ரெசின் ஆர்ட் கடைகளில் விற்கும் பொடி என்றால், தண்ணீர்போல் தெளிவான அக்ரிலிக் மீடியத்தில் கத்தி முனையளவு கலந்தால் போதும். வேறு எந்தப் பெயிண்டோடும், குறிப்பாக வெள்ளையோடு, கலக்கவே கூடாது. மெத்தென்ற சிந்தெடிக் பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ்ஷை ஓட்டினால், படுத்த தகடுகளைத் தட்டி எழுப்பிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். முதல் கை போட்டதும் ஒன்றுமே தெரியாது, பயப்படாதீர்கள். மூன்றாவது கையில்தான் முகம் காட்டும். தகடு நைஸாக இருக்கும் பெயிண்டாகப் பார்த்து வாங்குங்கள். கார் பெயிண்டுக்கான பெரிய தகடு காரின் கதவில் அழகு, இரண்டு அங்குல வண்டில் அது மணல்.

நான்காவது, நிழல். பொம்மை முழுக்க மினுக்கினால் உருவமே தெரியாது. இறக்கை சேரும் கோடு, கால் மடிப்பு, கழுத்து வளையம் இங்கெல்லாம் அடிக்கருப்பை அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணில் மட்டும் தப்பித்தவறியும் கலர்ஷிஃப்ட் படக்கூடாது. கொலு பொம்மைக்காரர்கள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். நாமும் அப்படியே, வெறும் கருப்பு, ஒரு புள்ளி வெள்ளை. நிறம் மாறாத அந்த இடம்தான் பொம்மைக்கு உயிர் கொடுக்கும்.

கடைசியாக கிளாஸ் வார்னிஷ். மேட் வார்னிஷ் அடித்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை உண்டு, காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு நமக்குப் புழுதியைக் கொண்டுவரும். ஈர வார்னிஷ் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்திவிட்டு, காயும்வரை பொம்மைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். ஐப்பசி அடைமழையில் காயவே காயாது. புரட்டாசியின் காலை வெயில்தான் தோது. நவராத்திரியும் அதையொட்டித்தான் வருகிறது.

எந்த மிருகத்துக்குப் பூசலாம்?

இங்கேதான் எனக்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நண்பர்களுக்கும் சண்டை. கையில் பாட்டில் கிடைத்ததும் யானை, புலி, பசு என்று எல்லாவற்றுக்கும் பூசிவிடுகிறார்கள். நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 2025 ஜனவரியில் அது இறந்தபோது ஊரே திரண்டது. அந்தச் சாம்பல் தோலின் சுருக்கத்தையும், காதோரத்து வெளிர்சிவப்புப் புள்ளிகளையும் விட்டுவிட்டு யானைக்கு ஊதா-பச்சை மினுக்குப் போட எனக்கு மனசு வராது. சுருக்கம் நிறைந்த தோலில் இந்தப் பெயிண்ட் எடுபடவும் செய்யாது.

என் கட்சி இதுதான்: இயற்கை யாருக்கு இந்த மினுக்கைக் கொடுத்திருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் பூசுங்கள். அந்தப் பட்டியலே நம் பள்ளத்தாக்கில் தாராளமாக நீளும்.

பொன்வண்டு முதலிடம். தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த தலைமுறைக்கு அறிமுகம் தேவையில்லை. அதன் ஓடு அடுக்கடுக்கான படலங்களால் ஆனது, அதுவும் கலர்ஷிஃப்ட்தான். வண்டு செத்து எத்தனை வருஷமானாலும் அந்த நிறம் வெளுக்காது. ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு மரச் சன்னதி இருக்கிறது. அதைப் பொன்வண்டு இனத்தின் ஓடுகளால்தான் அலங்கரித்திருந்தார்கள். பொம்மைக்கும் வண்டு மிகத் தோதான வடிவம். உருண்டை முதுகின் நடு நம்மைப் பார்க்கிறது, விளிம்பு விலகிப் போகிறது. எனவே ஒரே பார்வையில் நடுவில் பச்சையும் ஓரத்தில் நீலமும் தெரியும். தட்டையான பொம்மையில் இந்த அழகு வராது.

அடுத்து மயிலின் கழுத்து. தோகைக்கு வேண்டாம், அதை விரலளவு பொம்மையில் சாதாரண வண்ணத்தில் தீட்டுவதே கஷ்டம். மாடப்புறாவுக்குக் கழுத்தில் ஒரு பட்டை மட்டும், பச்சையிலிருந்து ஊதா. ஆண் ஊதாத் தேன்சிட்டுக்கு உடம்பு முழுக்கத் தரலாம். பொதிகை மலைக்காட்டு ஈர மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளின் கருஞ்செதில் வெயிலில் வானவில் காட்டும். கருப்புப் பொம்மையில் ஒரே ஒரு மெல்லிய கை போட்டால் அச்சு அசல். குளங்களுக்கு வரும் அரிவாள்மூக்கன்களில் ஒரு வகை தூரத்தில் வெறும் கருப்பாகத் தெரியும், வெயில் திரும்பினால் செம்பும் பச்சையும் மின்னும். நம்பாதவர்கள் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்ப் பாருங்கள். 2011இலிருந்து நடக்கிறது.

மீன்கொத்தியும் பனங்காடையும்? இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவற்றின் நீலமும் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பால்தான் வருகிறது. சர் சி.வி. ராமன் 1934இல் பனங்காடையின் இறகை வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் மயிலில் இருப்பதுபோல் ஒழுங்கான அடுக்கு அந்த இறகில் இல்லை. அதனால் நீலம் பெரிதாகக் கோணத்துக்கு ஆடாது. மீன்கொத்தி எந்தப் பக்கம் பறந்தாலும் நீலம்தானே? அதற்குச் சாதாரண நீலப் பெயிண்டே சரி. கலர்ஷிஃப்ட் போட்டால் அழகாக இருக்கலாம், மீன்கொத்தியாக இருக்காது.

இன்னொன்று சிப்பி. தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தில்தான் பாண்டியரின் முத்துத் துறை கொற்கை இருந்தது. முத்துச் சிப்பியின் உள்பக்கம் அரை மைக்ரான் அளவு தடிமனுள்ள சுண்ணாம்புத் தகடுகளின் அடுக்கு. அதன் ஜொலிப்பும் ஒளியின் அதே விளையாட்டுதான். 1930களில் ராமன் சிப்பி ஓடுகளையும் ஆராய்ந்தார். இந்த மைக்கா பெயிண்டுகளுக்குக் கடையில் பேர்ல் கலர் என்றே பெயர். ஆக, பொதிகையில் வண்டு, வயலில் மயில், முகத்துவாரத்தில் முத்து என்று ஆறு ஓடும் வழியெல்லாம் இந்த வித்தை இருக்கிறது. கொலுவில் ஓரறிவு, ஈரறிவு என்று தொல்காப்பிய வரிசையில் படி கட்டுகிறவர்கள் சிப்பியை இரண்டாம் படியிலும், வண்டை நான்காம் படியிலும், மயிலை ஐந்தாம் படியிலும் வைக்கலாம்.

வைக்கும் இடத்துக்கும் ஒரு யோசனை. நாலு பக்கமும் டியூப்லைட் எரிந்தால் நிறம் ஆடுவது தெரியாது. ஒரே ஒரு விளக்கை மேலிருந்து விழ விடுங்கள். பாட்டுப் பாட உட்கார்ந்து எழுந்திருப்பவர்களுக்கு நிறம் தானாக மாறிக் காட்டும். போனில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், போட்டோவில் நிறம் மாறுவது தெரியாது. வீடியோதான் சரி.

வாங்கும்போது யோசிக்க வேண்டியது

மேலே சொன்ன வெளிநாட்டு பாட்டில்கள் நம் ஊரில் விலை அதிகம். கற்றுக்கொள்ள ஃபெவிக்ரில் பேர்ல் வண்ணங்களே போதும். இரட்டை நிறம் அவ்வளவாக ஆடாது, ஆனால் கருப்புமேல் மினுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று கை பழகிவிடும்.

காக்காப்பொன்னுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜார்க்கண்ட், பீகார் எல்லையில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் மைக்கா பொறுக்குவதும், மண் சரிந்து சாவதும் பல வருஷமாகச் செய்திகளில் வருகிறது. அழகுசாதன, பெயிண்ட் கம்பெனிகள் பல சேர்ந்து 2017இல் ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். நம் ஒரு டப்பா பவுடரால் அது தீர்ந்துவிடாது. ஆனாலும் லேபிளில் சிந்தெடிக் மைக்கா என்று இருந்தால் அதை எடுங்கள். அது தொழிற்சாலையில் செய்வது, சுரங்கத்திலிருந்து வருவதில்லை.

பொடியைக் கலக்கும்போது மாஸ்க் கட்டாயம், ஃபேனை நிறுத்திவிடுங்கள். நைஸான மைக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது. வாயில் வைக்கும் வயசுக் குழந்தை கையில் இந்தப் பொம்மைகளைக் கொடுக்க வேண்டாம்.

பிரஷ் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று பாளையங்கால்வாயைப் பார்த்தாலே தெரியும். ஒரு பழைய டப்பாவில் தெளிய விட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பூசிய பொம்மையை ஆற்றில் கரைக்கும் பேச்சே கூடாது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக், அது கரையாது. கொலு முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் வைத்தால் அடுத்த வருஷமும் அப்படியே இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவைப் படித்துவிட்டு ஆன்லைனில் பாட்டிலை மட்டும் ஆர்டர் போட்டுவிட்டு, பொம்மைக்குச் சீனப் பிளாஸ்டிக்கை வாங்கிவிடாதீர்கள். பெயிண்ட் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், உருவமும் கருப்பும் இங்கிருந்தே வரட்டும். ஆவணிக்குள் காருகுறிச்சியில் சொல்லிவைத்துவிடுங்கள். புகைமூட்டிச் சுடுவது தனி வேலை, விறகும் நேரமும் கூடுதலாகும். பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுங்கள்.